பத்தாவது பெர்சன்டைல் என்றால் பத்து மார்க் இல்லை

இந்த மாதத்தில் இது எத்தனையாவது குடும்பம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு வயதுப் பையன், 8.4 கிலோ. மேசையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு சிரிக்கிறான். அம்மா கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறார். ஏதோ ஒரு செயலியில் எடையைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், பத்தாவது பெர்சன்டைல் என்று வந்திருக்கிறது. "நூத்துக்குப் பத்துதான் டாக்டர், பாஸ்கூட இல்லை" என்கிறார் பாட்டி. பையில் ஏற்கெனவே இரண்டு டானிக், ஒரு டப்பா பவுடர்.

பெர்சன்டைல் மார்க் இல்லை. ஒரே வயதுள்ள ஆரோக்கியமான நூறு ஆண் குழந்தைகளை எடைவாரியாக வரிசையில் நிறுத்தினால், லேசான பக்கத்திலிருந்து சுமார் பத்தாவதாக நிற்கிறான் உங்கள் பையன். அவ்வளவுதான். அந்த இடத்தில் யாராவது நின்றுதானே ஆக வேண்டும்? எல்லாரும் ஐம்பதிலேயே நிற்க முடியாது. முப்பத்தைந்து பாஸ் மார்க்கும் இல்லை, தொண்ணூற்றேழு மாநில முதலிடமும் இல்லை. "அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கு" என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். எந்த வயதில் எந்தப் பெர்சன்டைலுக்கு எவ்வளவு எடை என்று காட்டும் வளைகோடுகளை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. அவை ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து வரைந்தவை. அதில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு.

சரி, பிறகு எதைப் பார்ப்பது? எடைப் புள்ளிகளைச் சேர்த்து வரும் கோட்டைப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளி, குழந்தை இன்று எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது. அந்தப் பையனின் பழைய எடைகள் 6 மாதத்தில் 6.9, 9 மாதத்தில் 7.7. புள்ளிகளைச் சேர்த்தால் பத்தாவது வளைகோட்டின் மேலேயே பிசகாமல் ஏறுகிறது. இன்னொரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள்: 6 மாதத்தில் 8.8, 9 மாதத்தில் 8.9, ஒரு வயதிலும் 8.9. முதல் பையனைவிட அரைக் கிலோ அதிகம், கன்னமும் கொழுகொழு. ஆனால் எண்பதுக்கு மேல் இருந்தவன் ஐம்பதுக்கு வந்து, இப்போது இருபத்தைந்துக்கும் கீழே இறங்கிவிட்டான். நான் பயப்படுவது இவனுக்காகத்தான். இவனை யாரும் என்னிடம் கூட்டி வருவதில்லை, ஊசி போட வரும்போது தற்செயலாகக் கண்ணில் படுகிறான்.

வளைகோடு போகப் போகச் சாய்ந்துவிடுவதும் பலருக்குப் பயம். முதல் மூன்று மாதத்தில் ஆண் குழந்தை சராசரியாக மூன்று கிலோ ஏறும். 9இலிருந்து 12 மாதத்துக்குள் முக்கால் கிலோகூட ஏறாது. "முன்ன மாதிரி ஏறலையே" என்றால், ஏறாதுதான்.

சில அப்பாக்கள் எக்ஸலில் தாங்களே வரைந்து கொண்டு வருகிறார்கள். ஆர்வத்துக்கு நன்றி. ஆனால் பிறப்பு, 6 வாரம், 10 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று தடுப்பூசி நாட்களைச் சம இடைவெளியில் அடுக்கிவிடுகிறார்கள். 14 வாரத்துக்கும் 9 மாதத்துக்கும் இடையே கிட்டத்தட்ட ஆறு மாதம் இருக்கிறது! அந்த ஆறு மாதத்தை நாலு வார அகலத்துக்குள் அமுக்கினால், குழந்தை அப்போதுதான் வேகமாக வளர்ந்ததுபோல் தெரியும். உண்மை நேர் எதிர். கிடை அச்சில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரே அகலம் வேண்டும். அளக்காத மாதத்தைக் காலியாக விடுங்கள். அப்புறம் அந்தச் செங்குத்து அச்சு. 8.5இல் தொடங்கி 9.1இல் முடிந்தால், நூறு கிராம் இறங்கியதுகூட மலையிலிருந்து உருண்டதுபோல் தெரியும். டயப்பரின் எடையே அவ்வளவு வரும்.

தனியாக வரையத் தேவையே இல்லை. தாய் சேய் நல அட்டையில் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிப் படம் அச்சிட்டே கொடுக்கிறார்கள். அங்கன்வாடி ஊழியர் ஒரு நிமிடத்தில் புள்ளி வைப்பார். (எங்கள் டாக்டர்களில் பாதிப்பேர் எடையைச் சீட்டில் எழுதுவதோடு சரி. வெறும் எண்ணாக எழுதிவிட்டால் கோடு எங்கிருந்து வரும்? புள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.) முடிந்தவரை ஒரே தராசில், உடுப்பில்லாமல் எடை பாருங்கள். குறைமாதக் குழந்தை என்றால், எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதை வயதிலிருந்து கழித்துத்தான் இரண்டு வயதுவரை புள்ளி வைக்க வேண்டும். இதைக் கழிக்காமல் அழுதவர்கள் ஏராளம்.

காய்ச்சல், பேதி வந்த மாதம் கோடு கொஞ்சம் இறங்கும், தேறியதும் ஏறிவிடும். ஏறாவிட்டால் வாருங்கள். முதல் ஆறு மாதத்தில் ஒரு மாதம் கோடு ஏறாமல் படுத்திருந்தாலே வாருங்கள். இரண்டு பெர்சன்டைல் வளைகோடுகளைத் தாண்டிக் கீழே வந்தாலோ, அட்டையில் புள்ளி பச்சையை விட்டு மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ போனாலோ உடனே வாருங்கள். வரும்போது அட்டையைக் கையில் எடுத்து வாருங்கள். டானிக்கை அதற்கு முன் வாங்காதீர்கள், தயவுசெய்து.