சிமுலேஷன்: சொல்லும் ஆட்டமும்

சிமுலேஷன் என்பது பெயர்ச்சொல். ஒன்றன் இயக்கத்தை வேறொரு களத்தில் அதைப் போலவே நடத்திக் காட்டுவது இதன் பொதுப்பொருள். வீடியோ கேம் பேச்சில் இதற்குக் கொஞ்சம் குறுகிய பொருள் உண்டு. டென்னிஸ், கோல்ஃப், பௌலிங், கேரம், கிரிக்கெட் என்று நிஜத்தில் ஆடும் ஒரு விளையாட்டைத் திரையில் ஆடச் செய்வதை ‘ஸ்போர்ட்ஸ் சிமுலேஷன்’ என்கிறோம்.

சொல்லின் பிறப்பு இலத்தீனில். ‘சிமிலிஸ்’ என்றால் ஒத்தது. அதிலிருந்து வந்த ‘சிமுலாரே’ என்ற வினைக்கு ஒப்பச் செய்தல், பாசாங்கு செய்தல் என இரண்டு பொருளும் இருந்தன. ‘ஒன்று, ஒன்றாக’ என்று பொருள்படும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர்தான் இதற்கும் பழைய மூலம் என்பது மொழியியலாளர் முடிவு. ஆங்கிலத்தின் சேம், சிமிலர், சிம்பிள் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. சமஸ்கிருதத்தின் ‘சம’வும் அப்படியே. ஆகவே நாம் அன்றாடம் சொல்லும் ‘சமம்’ இந்தச் சிமுலேஷனுக்குத் தூரத்துச் சொந்தம்.

பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பாசாங்குப் பொருள்தான் மேலோங்கி இருந்தது. 1625இல் ஆங்கில மெய்யியலாளர் பிரான்சிஸ் பேக்கன் எழுதிய கட்டுரை ஒன்று, இருப்பதை மறைப்பதையும் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதையும் பிரித்துப் பேசுகிறது. சிமுலேஷன் இவற்றில் இரண்டாவது. பேக்கன் அதையே கூடுதல் குற்றமாகக் கருதினார். கால்பந்து விதிகளில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. யாரும் தொடாமலேயே விழுந்து, இடறிவிட்டதாக நடித்து நடுவரை ஏமாற்ற முயன்றால் அதன் பெயரும் சிமுலேஷன்தான். தண்டனை மஞ்சள் அட்டை. மைதானத்தில் குற்றமாக இருக்கும் அதே சொல், அந்தக் கால்பந்தைத் திரையில் ஆடும்போது பாராட்டாகிவிடுகிறது.

இந்த மாற்றம் 20ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் வானூர்திகளால் நடந்தது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத் தொழில் ஆர்கன் இசைக்கருவிகள் செய்வது. ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி விமானம் போல ஆடிச் சாயும் பெட்டி ஒன்றை அவர் 1920களின் இறுதியில் உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் பழகினார்கள். தவறு செய்தால் உயிர் போகாது. செய்த தவறிலிருந்து கற்றது மட்டும் நிஜம். பாசாங்கு என்ற வசை கழன்று, பயன் என்ற பெயர் சிமுலேஷனுக்கு வந்தது இப்படித்தான்.

இனி தமிழுக்கு வருவோம். கணினி எழுத்துகளில் இதற்குப் பாவனை, உருவகப்படுத்துதல், ஒப்புருவாக்கம், போலச்செய்தல் எனப் பல சொற்கள் புழங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

பாவனை நல்ல சொல். வடமொழியில் ‘ஆகச் செய்தல்’ என்ற பொருளில் பிறந்து, தமிழில் நினைப்பு, தியானம், நடிப்பு என்று விரிந்தது. ‘அழுவதுபோல் பாவனை செய்தான்’ என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் புரியும். இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. ‘மனித பாவனைக்கு உதவாத உணவு’ என்று அங்கே செய்தி வரும்; பயன்படுத்துபவர் பாவனையாளர். அங்குள்ள ஒருவரிடம் ‘பாவனை விளையாட்டு’ என்றால் வேறெதையோ நினைத்துக்கொள்வார். இரு கரைக்கும் பொதுவான கலைச்சொல்லாக இது நிற்பது கடினம்.

உருவகப்படுத்துதல் எனக்கு ஒப்பவே இல்லை. பள்ளி இலக்கணத்தில் படித்ததுதான்: மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமை. முகமதி என்றால் முகமே மதி, உருவகம். உருவகத்தில் ‘போல’ மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். திரையில் டென்னிஸ் ஆடுகிறவர் இதுவே டென்னிஸ் என்று ஒரு கணமும் நம்புவதில்லை. போல என்பது தெரிந்தேதான் ஆடுகிறார், அந்தத் தெரிதலில்தான் சுகமும் இருக்கிறது. அதனால் சிமுலேஷன் உவமையின் பக்கம் நிற்கிறது.

போலச்செய்தலுக்கு உறவான போலி என்ற சொல் சந்தையில் கெட்டுப்போனது. இலக்கணத்தில் அறம், அறன் ஆவது கடைப்போலி. அங்கே போலிக்கு எந்த இழிவும் கிடையாது. தெருவிலோ போலி மருத்துவர், போலிப் பத்திரம். பொய் என்ற சொல்லுக்கும் இதே நிலைதான் என்று தோன்றும், ஆனால் தஞ்சைப் பக்கம் ஆடும் பொய்க்கால் குதிரையைப் பாருங்கள். குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டி, மரக்கால்களில் ஏறி ஆடுகிறார்கள். பெயரிலேயே பொய் இருந்தும் யாரும் அதை ஏமாற்று என்று சொன்னதில்லை. நிஜக் குதிரையின் துள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்ட கலை அது.

எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர் என்று நினைக்கிறேன். இதைப் பேசத் தமிழில் பழைய கருவி ஒன்று இருக்கிறது. தொல்காப்பிய உவமையியலின் முதல் நூற்பா: ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்’. ஒன்று இன்னொன்றைப் போல இருப்பது செயலாலோ, விளைவாலோ, வடிவத்தாலோ, நிறத்தாலோ. புலி போன்ற மறவன் வினையால் ஒக்கிறான். மாரி போன்ற கை பயனால். துடி போன்ற இடை வடிவத்தால். பொன் போன்ற மேனி நிறத்தால். திரை விளையாட்டுகளை இந்த நான்கில் வைத்துப் பார்த்தால் எளிய ஆட்டங்கள் ஏன் இவ்வளவு பிடித்துப்போகின்றன என்பது விளங்கும்.

1958 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஓர் அனலாக் கணினியை, மின் அலைகளைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் என்ற கருவியுடன் இணைத்து, ‘டென்னிஸ் ஃபார் டூ’ என்று பின்னால் பெயர் பெற்ற ஆட்டத்தை வைத்தார். சுமார் 5 அங்குல வட்டத் திரை. பக்கவாட்டில் பார்த்த ஆடுகளம் ஒரு கிடைக்கோடு. நடுவில் வலை ஒரு சிறு செங்குத்துக்கோடு. ஆட்டக்காரரும் இல்லை, மட்டையும் இல்லை. பந்து ஒன்றுதான் உண்டு, அது நிஜப் பந்து போல வளைந்து போய், தரையில் பட்டு எழும்பி, வலையில் மோதினால் திரும்பும். வினை ஒன்றே போதும் என்று அந்த மனிதர் முடிவு செய்ததாகத் தெரிகிறது. மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். மறுஆண்டு திரையைப் பெரிதாக்கியபோது, நிலவிலும் வியாழனிலும் இருக்கும் ஈர்ப்பு விசையில் ஆடிப் பார்க்கவும் வழி வைத்தார்கள்.

1972இல் அடாரி நிறுவனத்தின், காசு போட்டு ஆடும் ‘பாங்’ வந்தது. செய்தவர் ஆலன் ஆல்கார்ன். அதே ஆண்டில் ரால்ஃப் பேரின் வடிவமைப்பில், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற கருவியும் வீட்டுக்கு வந்தது. தொலைக்காட்சித் திரைமேல் வண்ண நெகிழித் தாளை ஒட்டி ஆடுகளமாக்கிக்கொள்ள வேண்டும். பாங்கில் ஈர்ப்பு விசைகூட இல்லை. மேலிருந்து பார்க்கும் டேபிள் டென்னிஸ். அதில் மிஞ்சியது கோணம். மட்டையின் நடுவில் பட்ட பந்து நேராகத் திரும்பும். ஓரத்தில் பட்டால் சாய்ந்து போகும். ஆட்டம் நீள நீள வேகம் கூடும். மின்சுற்றின் குறையால் மட்டை திரையின் உச்சி வரை போகவில்லை. ஆல்கார்ன் அதைத் திருத்தாமல் விட்டார், இல்லாவிட்டால் தேர்ந்த இருவர் ஆட்டத்தை முடிக்கவே மாட்டார்கள் என்று. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் வைத்த முதல் பெட்டி சில நாளில் நின்றுபோனது. திறந்து பார்த்தால் காசு நிரம்பி வழிந்திருந்தது.

கோல்ஃபுக்கு இன்னொரு வழி. 1984இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்துக்காக சடோரு இவாடா நிரல் எழுதிய ‘கோல்ஃப்’ ஆட்டத்தில், ஓடும் அளவுகோலைச் சரியான கணத்தில் பொத்தான் அழுத்தி நிறுத்த வேண்டும். ஓர் அழுத்தில் வீச்சு தொடங்கும், ஒன்றில் வலு முடிவாகும், ஒன்றில் பந்தின் திசை. தோள், இடுப்பு, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து செய்யும் வேலையை நேரக் கணிப்பு என்ற ஒரே திறனாகச் சுருக்கியதால், கோல்ஃப் கிளப்பின் வாசல்கூடப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பதற்றம் கிடைத்தது.

2006இல் நிண்டெண்டோவின் வீ கருவிக்கு வந்த ‘வீ ஸ்போர்ட்ஸ்’ கையின் வினையை எடுத்துக்கொண்டது. கையில் பிடித்த கருவியை வீசினால் திரையில் அதே வீச்சு நடக்கும். டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என ஐந்து. டென்னிஸில் ஓடும் வேலையைப் பொம்மையே பார்த்துக்கொள்ளும், நாம் வீசினால் போதும். 8 கோடிக்கு மேல் விற்ற ஆட்டம் இது. முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டி வைத்தார்கள். ஏன் முடிந்தது என்றால், அவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பது எப்படி என்று கைக்கே தெரியும், கனமான பந்தைத் தூக்கத்தான் தெம்பில்லை. விதியை விளக்க வேண்டியிராத ஆட்டம் என்பது எளிய விளையாட்டுகளின் பெரிய பலம். பேரனும் பாட்டியும் ஒரே நிமிடத்தில் சமமாகிவிடுகிறார்கள். பலர் உணர்ச்சி வேகத்தில் வீசியதில் கைக்கருவியின் கயிறு அறுந்து பறந்தது. அந்த டிசம்பரிலேயே தடித்த கயிறுகளை நிண்டெண்டோ மாற்றித் தரவேண்டி வந்தது.

நம் பள்ளிக்கூடங்களில் கணினியே இல்லாமல் நடந்த சிமுலேஷன் ஒன்றையும் சொல்ல வேண்டும்: புத்தகக் கிரிக்கெட். கண்ணை மூடிப் பாடப்புத்தகத்தைத் திறந்தால், இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம் ஓட்டம். 0 வந்தால் அவுட். இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை என்பதால் வருவது 0, 2, 4, 6, 8 மட்டும். 8க்கு என்ன மதிப்பு என்பது வகுப்புக்கு வகுப்பு மாறும். ஐந்தில் ஒரு முறை அவுட், ஆக ஓர் அணி ஏறக்குறைய 50 பந்துகளில் சுருண்டுவிடும். ஒரு மதிய இடைவேளைக்குச் சரியான அளவு. இதில் வினை துளியும் இல்லை. பயன் மட்டுமே, அதாவது ஸ்கோர். ஆனாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாட்டு அணிகளின் பெயர்களை எழுதி முழு உலகக் கோப்பையையே நடத்தியவர்கள் ஏராளம். தொல்காப்பியர் சொன்ன நான்கில் ஒன்று உறுதியாக ஒத்தாலே மனம் மற்ற மூன்றையும் தானே நிரப்பிக்கொள்கிறது.

இன்று பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கால்பந்து, கூடைப்பந்து ஆட்டங்கள் மெய்யிலும் உருவிலும் உழைக்கின்றன. வீரரின் தாடி, வியர்வை, சட்டையின் மடிப்பு எல்லாம் அச்சாக வருகின்றன. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவை வேகமாகப் பழசாகின்றன. அடுத்த ஆண்டு முகம் இன்னும் துல்லியமாகிவிட்டால் போன ஆண்டின் முகம் உயிரற்றதாகத் தெரியும். பாங் 50 ஆண்டு கழித்தும் ஆடத் தகுந்ததாக இருப்பதற்குக் காரணம், அதில் பழசாவதற்கு முகமே இல்லை.

செல்போன் கேரமில் எடுத்துக்கொண்டது, விட்டது என்ற இரண்டு பக்கமும் தெரியும். ஸ்ட்ரைக்கரை வைக்கும் இடம், விளிம்பில் பட்டுத் திரும்பும் கோணம், சிவப்பைப் போட்டபின் இன்னொரு காய் போட்டு அதை உறுதி செய்யும் பரபரப்பு எல்லாம் இருக்கின்றன. பவுடர் வழவழப்பு, நகக்கண்ணில் ஏறும் வலி, மழைக்காலத்தில் பலகை கனத்துப்போவது இவை இல்லை. அப்புறம், குறிகோடு ஒன்று திரையில் வழிகாட்டுகிறதே, நிஜப் பலகையில் அந்தக் கோட்டை நம் கண்தான் வரைய வேண்டும். அந்த ஓர் உதவியால் கேரமின் பாதித் திறன் போய்விடுகிறது என்பது என் எண்ணம். விடக்கூடாததை விட்டுவிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? என் தேர்வு ‘நிகர்’ என்ற அடி. மெய்நிகர் என்ற சொல் ஏற்கெனவே நன்றாக வேரூன்றிவிட்டது. ‘மெய்நிகர் வகுப்பு’ என்றால் விளக்கம் தேவைப்படுவதில்லை. நிகரில் வசை இல்லை, உவமை இருக்கிறது, இரு நாட்டுத் தமிழிலும் ஒரே பொருள். சிமுலேஷன் நிகர்ப்பு, சிமுலேட்டர் நிகர்ப்பி, நிஜ விளையாட்டை ஒத்த வீடியோ கேம் நிகராட்டம். ஆட்டம் என்பது விளையாட்டையும் கூத்தையும் ஒருசேரக் குறிப்பதும் இங்கே பொருத்தம். அறிவியல் கட்டுரைகளில் ஒப்புருவாக்கம் இருந்துவிட்டுப் போகட்டும், காலநிலை மாதிரிகளைப் பற்றிப் பேசும்போது அதன் கனம் சரியாகவே இருக்கிறது. விமானிகள் பேச்சில் சிமுலேட்டரே நீடித்தாலும் தவறில்லை.

பயன்படுத்தும்போது ஓர் எல்லை. நிஜத்தில் ஆடப்படும் விளையாட்டு ஒன்று இருந்தால்தான் நிகராட்டம். டென்னிஸ் நிகராட்டம், கேரம் நிகராட்டம், கோல்ஃப் நிகராட்டம் என்று சொல்லலாம். பறக்கும் கார்களை வைத்துக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீகை அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு நிகராக மைதானத்தில் எதுவும் இல்லை, அது வெறும் வீடியோ கேம். புத்தகக் கிரிக்கெட்டுக்குத் திரை இல்லாவிட்டாலும் தாராளமாகச் சொல்லலாம்.