கார்க் கதவுக்குள் தும்பு

வாழைச்சேனையிலோ பாலமீன்மடுவிலோ கரையில் கிடக்கும் பழைய ஃபைபர் போட் ஒன்றின் உடைந்த விளிம்பைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக நார் பிய்ந்து நிற்கும். அது கண்ணாடி நார். போட்டுக்கு வடிவம் தருவது பிசின். அலை அடியைத் தாங்குவது நார்.

பல கார்க் கதவுகளின் உட்பக்கப் பலகையும் இதே கணக்குத்தான். அங்கே கண்ணாடிக்குப் பதிலாகச் சணல் போன்ற செடி நார்கள். ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி நார் சுமார் 2.5 கிராம், சணல் கிட்டத்தட்ட 1.5 கிராம். பாரம் குறைந்தால் எரிபொருள் மிச்சம். கிழக்கு ஜெர்மனி 1957இல் செய்யத் தொடங்கிய டிராபன்ட் காரின் வெளித்தகடுகள் பருத்திக் கழிவைப் பிசினோடு அழுத்திச் செய்தவை. அதற்குக் காரணம் எடை அல்ல, இரும்புத் தகட்டுத் தட்டுப்பாடு!

சரி, நம்மூர்த் தேங்காய்த் தும்பு? தும்புத்தடியிலிருந்து ஓர் இழையை உருவி மெதுவாக இழுங்கள். அறுவதற்கு முன் நன்றாகவே நீளும். நாரின் உயிரணுச் சுவரில் செல்லுலோஸ் இழைகள் சுருளாக ஓடுகின்றன. சணலில் அந்தச் சுருள் ஏறக்குறைய நேர்கோடு. அதனால் விறைப்பு அதிகம், 2 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். தும்பில் சுருள் 30 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். இழுத்தால் ஸ்பிரிங் போல முதலில் சுருள் விரியும். 15 சதவீதத்துக்கு மேலும் நீளும். ஆகவே தும்பைக் கண்ணாடி நாருக்கு நேரடி மாற்று என்பவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். அதன் இடம் அதிர்வு வாங்கும் இடம். ரப்பர் பாலில் தோய்த்த தும்பு, கார் இருக்கை மெத்தைக்குள் எப்போதோ போய்விட்டது.

பெரிய தலைவலி ஒட்டுதல். செடி நாருக்குத் தண்ணீர் பிடிக்கும். அதோடு சேர்த்து அழுத்தும் பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீன் எண்ணெய்ச் சாதி. இரண்டும் ஒட்டாவிட்டால், பலகை உடையும்போது நார் அறாமல் முழுசாக உருவிக்கொண்டு வரும். அதனால் நாரைக் காஸ்டிக் சோடாவில் கழுவி மெழுகுப் படலத்தை நீக்குவார்கள். அப்புறம் மலியிக் அன்ஹைட்ரைட் என்ற வேதிப்பொருள் சேர்த்த பாலிபுரொப்பிலீனைக் கொஞ்சம் கலப்பார்கள். அதன் ஒரு பகுதி நாரைப் பற்றும், வால் பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும்.

சூட்டிலும் கவனம் வேண்டும். 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். பாலிபுரொப்பிலீன் சுமார் 165 பாகையில் உருகுவதால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி. நாரை முதலில் நன்றாகக் காயவைக்கவும் வேண்டும். மார்கழி மழையில் ஈரம் குடித்த தும்பை அப்படியே அச்சில் அழுத்தினால், ஈரம் ஆவியாகிப் பலகைக்குள் குமிழ் விடும். பிறகு வெளி ஈரமும் அந்தக் குமிழ் வழியே ஏறும், நார் ஊதும், வெடிப்பு விழும். செடி நார் இன்னும் பெரும்பாலும் காரின் உட்பக்கத்தோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.