43 வினாடிக்கு ஒரு நாள் அபராதம்

"ஃபெயிலோவர் (ஒரு இடம் படுத்தால் வேலை தானாக இன்னொரு இடத்துக்கு மாறும் ஏற்பாடு) இருக்கா?" என்று கேட்டால் எல்லா டீமும் "இருக்கு சார்" என்றுதான் சொல்கிறது. "மாறின பிறகு பழைய இடத்துக்கு எப்படித் திரும்புவீங்க?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அப்போதெல்லாம் நான் எடுத்துப்போடுவது, புரோகிராமர்கள் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் கதையைத்தான்.

2018 அக்டோபர் 21. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான 100ஜி ஆப்டிகல் நெட்வொர்க் கருவி ஒன்றை மாற்றும் வேலை நடந்தது. அதில் அவர்களுடைய முக்கிய டேட்டா சென்டரின் தொடர்பு அறுந்து, 43 வினாடியில் திரும்பியும் வந்துவிட்டது. ஆனால் சேவை பழையபடி சீராக 24 மணி 11 நிமிடம் பிடித்தது.

இத்தனைக்கும் அங்கே எந்த மென்பொருளும் சொதப்பவில்லை. டேட்டாபேஸ்களைக் கண்காணிக்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள், பல இடங்களில் ஓடும் தன் நோடுகளில் (பிரதிகளில்) பெரும்பான்மையின் ஓட்டு கிடைத்ததும் மேற்குக் கரையிலிருந்த மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ரெப்ளிகாக்களை (நகல்களை) பிரைமரி, அதாவது புதிய பதிவுகளை ஏற்கும் முதன்மை டேட்டாபேஸ், ஆக்கியது. அதற்குக் கற்றுக்கொடுத்திருந்ததே அதுதான். ஆனால் கிழக்கு சாகவில்லை, லைன்தான் போயிருந்தது. அந்தச் சில வினாடிகளில் கிழக்கில் பதிவானவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. தொடர்பு வந்ததும் புதிய பதிவுகள் மேற்கில் விழத் தொடங்கின. நிலைமை பிடிபடுவதற்குள் கிட்டத்தட்ட 40 நிமிடப் பதிவுகள் அங்கே சேர்ந்துவிட்டன. இரண்டு கரையிலும் மற்றதில் இல்லாத டேட்டா. எதை அழிப்பது?

எதையும் அழிக்க வேண்டாம், சேவை படுத்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தார்கள். வெப்ஹூக்குகளை (மற்ற மென்பொருள்களுக்குத் தானாகப் போகும் அறிவிப்புகளை) நிறுத்தினார்கள். பல டெராபைட் பேக்கப்பை இறக்கி, விரித்து, சரிபார்த்து, ஏற்றுவதிலேயே மணிக்கணக்கில் நேரம் ஓடியது. பேக்கப்பிலிருந்து மீட்கும் வேலையை அவர்கள் தினமும் சோதித்துப் பார்த்தவர்கள்தான். ஆனால் ஒரு கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் டேட்டாபேஸ் சர்வர்களின் கூட்டம்) முழுவதையும் பேக்கப்பிலிருந்து கட்டியெழுப்ப வேண்டிய நிலை அதுவரை வந்ததில்லை. நம்மூர் ட்ரில்களில் ஒரு சின்ன டேபிளை மீட்டுக் காட்டி டிக் அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் உறுத்துகிறது.

பிறகு ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ஒரு பிராந்தியத்தைத் தாண்டி பிரைமரியை மாற்றாதபடி செட்டிங்கை மாற்றினார்கள். நானும் இதையே சொல்லிவருகிறேன்: ஒரே ஊருக்குள் தானாக மாறட்டும். கரை தாண்டுவதென்றால் ஒரு மனிதர் பார்த்துப் பட்டனை அழுத்தட்டும். இதனால் சில நிமிடம் சேவை நிற்கும் என்பதை மேனேஜ்மென்ட்டிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். நடுராத்திரி போன் காலில் அந்த விவாதம் வேண்டாம்.