அகலமான ஃபேர்வேயும் கடினமாவது எப்படி?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ‘பழைய மைதானம்’ எனப்படும் கோல்ஃப் மைதானத்தில், முதல் குழியின் ஃபேர்வேயும் (தொடங்கும் இடத்துக்கும் குழிக்கும் இடையே புல் வெட்டிச் சீராக்கிய ஆடுபாதை) பதினெட்டாம் குழியின் ஃபேர்வேயும் இடையில் மரமோ புதரோ இன்றி ஒரே புல்வெளியாகக் கிடக்கின்றன. கோல்ஃபில் அதிகம் பழகாதவரும் அங்கே பந்தைத் தொலைக்காமல் ஆடலாம். அதே மைதானத்தில்தான், 1921ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் மூன்றாம் சுற்றில், அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் பதினோராம் குழியோடு ஆட்டத்தைக் கைவிட்டார். 1927இல் அங்கேயே பட்டமும் வென்றார்.

இந்த முரணுக்கு மண்ணே முதற்காரணம். கடலோர மணல் நிலம் மழைநீரை விரைவில் உறிஞ்சிவிடுவதால் தரை இறுகியே இருக்கிறது. விழுந்த பந்து நிற்காமல், மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் திசை மாறி நெடுந்தூரம் உருளுகிறது. மைதானத்தின் 112 மணற்குழிகளுள் பல, ஆடத் தொடங்கும் இடத்திலிருந்து கண்ணுக்கே தெரிவதில்லை. ஃபேர்வே அகலமானதுதான் என்றாலும், அன்று குழியைக் காட்டும் கொடி நடப்பட்டுள்ள இடத்தை எளிதில் அணுக அதன் ஒரு பக்கமே உதவும். அது எந்தப் பக்கம் என்பதும் காற்றோடு மாறும். எனவே புதியவருக்குப் பந்தை ஆட இடமிருக்கிறது, வல்லவருக்கோ அந்த இடத்துக்குள்ளேயே சரியான இடத்தைத் தேடும் வேலையிருக்கிறது.

இம்மைதானத்தை 1924இல் அளந்து வரைபடமாக்கிய மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி, பின்னர் ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அகஸ்டா நேஷனல் மைதானத்தை வடிவமைத்தார். முன்பு நாற்றுப்பண்ணையாக இருந்த அந்த நிலம் களிமண் கொண்டது, குன்றும் சரிவுமானது. கடலோர மணலையும் காற்றையும் அங்கே கொண்டுவர முடியாது என்பதால், அகலமான ஃபேர்வேக்களை வைத்துக்கொண்டு, சோதனையைக் கிரீனின், அதாவது குழியைச் சுற்றி மிகக் குட்டையாகப் புல் வெட்டிய பரப்பின், சரிவுகளுக்கு மாற்றினார்கள். தொடக்கத்தில் அமைத்த மணற்குழிகள் 22தான்.

சரிவின் வலிமை, புல் எவ்வளவு குட்டையாக வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்டிம்ப்மீட்டர் என்னும் சாய்கோலிலிருந்து உருட்டிவிட்ட பந்து சமதளத்தில் எத்தனை அடி ஓடுகிறதோ, அதுவே கிரீனின் வேகம். வேகம் 8 அடியாக உள்ள கிரீனில் நூற்றுக்கு மூன்று சரிவில் கீழ்நோக்கி விடும் பந்து, சமதளத்தில் செல்வதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு தூரம் ஓடும். வேகம் 12 அடியானால் அதே சரிவில் ஏறத்தாழ 1.85 மடங்கு ஓடிவிடும். புல்லின் உராய்வு குறையக் குறைய, ஈர்ப்பு விசையை எதிர்த்துப் பந்தை நிறுத்த எஞ்சியிருக்கும் விசை மிகச் சிறிதாகிவிடுவதே இதன் காரணம். கொடிக்கு மேலே பந்தை நிறுத்தியவர் தவிப்பதும், கீழே நிறுத்தியவர் நிம்மதியாக ஆடுவதும் இதனால்தான்.

புதியவருக்கும் இடம் விடும் இந்த வடிவமைப்புகளுக்கு நேர் எதிரானது, ஃபுளோரிடாவின் டிபிசி சாகிராஸ் மைதானத்தில் வடிவமைப்பாளர் பீட் டை அமைத்த பதினேழாம் குழி. சுற்றிலும் நீர் சூழ்ந்த கிரீன். தூரம் 137 கெஜந்தான். தொலைக்காட்சியில் பார்க்க விறுவிறுப்பானது, ஆனால் வலுக் குறைந்தவருக்கு அங்கே மாற்றுவழியே கிடையாது. என் கணிப்பில், அது வடிவமைப்பைவிடத் தண்டனைக்கே நெருக்கமானது.

இத்தகைய வேறுபாட்டை ஓரளவு அளக்க ஸ்லோப் மதிப்பீடு என்ற எண் இருக்கிறது. தேர்ந்தவரிடம் எதிர்பார்க்கப்படும் ஷாட்டுகளுக்கும் சாதாரண ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கப்படுவனவற்றுக்கும் உள்ள இடைவெளியை, ஆண்களுக்கு 5.381ஆல் பெருக்கி அதைப் பெறுகிறார்கள். மதிப்பு 55 முதல் 155 வரை அமையும், 113 நடுத்தரம். தேர்ந்தவருக்கு ஒரே அளவு கடினமான இரு மைதானங்களில், எது எளியவரை அதிகம் வதைக்கிறது என்பதை அந்த எண் காட்டிவிடும். ஆனால் ஒரு ஃபேர்வேயில் யோசித்துத் தேர்ந்தெடுக்க எத்தனை வழிகள் உள்ளன என்பதை அது சொல்வதில்லை.