டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்

"அப்பாவுக்கு என்னவாம்?"

"பாரு-பாருவுல கூமானாம்."

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் மளிகைக் கடையிலோ கோயில் வாசலிலோ இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். நுரையீரலில் கிருமி என்று டாக்டர் மலாயில் சொன்னது அப்படியே நம் தமிழுக்குள் வந்துவிட்டது. என்ன கிருமி என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. பல ஃபைல்களிலும் அது எழுதப்பட்டிருப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

நான் மருத்துவமனை ரெக்கார்டு பிரிவில் கோடிங் வேலை பார்க்கிறவள். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய ஃபைல் எங்களிடம் வரும். டாக்டர் எழுதியிருக்கும் நோய்க்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலிலிருந்து உரிய எண்ணைப் போட வேண்டும். எந்த நோயால் எத்தனை பேர் படுத்தார்கள் என்று சுகாதார அமைச்சு கணக்கெடுப்பது அந்த எண்களை வைத்துத்தான்.

சில வருடங்களுக்கு முன், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் ஃபைல் வந்தது. ஐந்து நாள் வார்டில் இருந்தவர். டிஸ்சார்ஜ் தாளில் 'நிமோனியா' என்று ஒரே சொல். அதற்குரிய எண் ஜே18.9, அதாவது கிருமி இன்னதென்று குறிக்கப்படாத நிமோனியா. ஃபைலைப் புரட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில் ஒரு லேப் தாள் சும்மா செருகிக் கிடந்தது. மூக்குச் சளிப் பரிசோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ். அவர் வீட்டுக்குப் போன மறுநாள் வந்த முடிவு. டாக்டர் பார்த்ததற்கான கையெழுத்து அதில் இல்லை.

அப்படியானால் நீங்களே மாற்றிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போடக் கூடாது. மூக்கிலோ தொண்டையிலோ ஒரு வைரஸ் இருந்தது என்றுதான் லேப் தாள் சொல்லும். நுரையீரலைக் கெடுத்தது அதுதானா, அதன் பின்னால் பாக்டீரியாவும் நுழைந்ததா என்பதை நோயாளியைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்து எழுத வேண்டும். ஃப்ளூவில் தளர்ந்த நுரையீரலில் பாக்டீரியா புகுந்துகொள்வது அபூர்வமும் இல்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அப்படியென்றால் பாக்டீரியாதான் என்று நானாக நினைத்துக்கொள்ளவும் கூடாது. லேப் முடிவுக்குக் காத்திருக்க முடியாததால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் தொடங்குவார்கள்.

டாக்டர் ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் எவ்வளவு மாறும் பாருங்கள். வெறுமனே 'வைரஸ் நிமோனியா' என்றால் ஜே12.9. அடினோ வைரஸ் என்றால் ஜே12.0, ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் என்றால் ஜே12.1, பாராஇன்ஃப்ளூயன்சா என்றால் ஜே12.2. ஆனால் இன்ஃப்ளூயன்சாவோடு வரும் நிமோனியா இந்த வரிசையிலேயே சேராது. புதிதாகக் கோடிங் வேலைக்கு வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பரிசோதனையில் வைரஸ் தெரிந்தால் ஜே10.0. டாக்டர் ஃப்ளூ என்று முடிவு செய்தும் பரிசோதனையில் வைரஸ் தெரியாவிட்டால் ஜே11.0. கோவிட் உறுதியானால் யூ07.1 போட்டு, நிமோனியாவுக்காக ஜே12.8-ஐயும் சேர்க்க வேண்டும். கைக்குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். ஆர்எஸ்வி மூச்சு நுண்குழாய்களை வீங்கவைத்திருந்தால் ஜே21.0, நிமோனியாவே ஆகியிருந்தால் ஜே12.1. 'நெஞ்சில் தொற்று' என்று மட்டும் எழுதிய தாளை வைத்து இரண்டில் எதையும் போட முடியாது.

இளம் டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், 'சந்தேகம்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்த பிறகும் முதன்மை நோய் 'சந்தேகம்' என்றே நின்று, வேறு தகவலும் இல்லையென்றால், அதை உறுதியான நோய் போலவே எண்ணாக்கச் சொல்கிறது ஐசிடி-10 விதி. வார்டில் நீங்கள் போட்ட கேள்விக்குறி என் மேசைக்கு வந்ததும் அழிந்துவிடும். ஆகவே, இல்லை என்று தெரிந்தால் இல்லை என்றே எழுதுங்கள். முடிவு இன்னும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நான் ஃபைலை மூடாமல் வைத்திருப்பேன். இரவு இரண்டு மணிக்கு வார்டில் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு கெஞ்சல்.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதை நம் நாடு நிப்பா வைரஸ் விஷயத்தில் பார்த்துவிட்டது. 1998-இல் ஈப்போ வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை போனது. பன்றிகளிடமிருந்து தொற்றும் புதிய வைரஸ் அது என்று 1999 மார்ச்சில்தான் தெரிந்தது. அதற்குள்ளும் அதன் பிறகுமாக 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அது வேறு நோய், இது நிமோனியா. ஆனாலும் ஜே18.9 போடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. 2020 கடைசியிலிருந்து நம் குழந்தைகளுக்கு நிமோகோக்கல் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறார்கள். அது ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது. எல்லா நிமோனியாவும் பெயரில்லாத ஒரே எண்ணில் குவிந்தால், அந்த ஊசியால் எது குறைந்தது, வைரஸால் வருவது எவ்வளவு மிஞ்சியது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சரி, பெரியவர் கதைக்கு வருகிறேன். டாக்டருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை, அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். ஒரு மாதம் கழித்து மகன் கவுண்டருக்கு வந்தார். கூலிம் ஃபேக்டரி யூனிஃபார்ம், கையில் காப்புறுதி ஃபாரம்.

"அக்கா, நிமோனியான்னு மட்டும் போட்டிருக்கு. என்ன காரணம்னு கேக்குறாங்க."

மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டே அவர் சொன்னார்: "அப்பா வீட்டுக்கு வந்த அதே வாரம் அம்மாவும் காய்ச்சல்ல படுத்துட்டாங்கக்கா. சாதாரண சளின்னு பானடோல் குடுத்தோம். மூச்சு வாங்குனப்புறம்தான் தூக்கிட்டு ஓடுனோம்."

ஃப்ளூவுக்கான மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த லேப் தாளைப் பார்த்து யாராவது அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்திருந்தால் அந்த அம்மாவுக்கு அது கிடைத்திருக்கும். அவர் பிழைத்துக்கொண்டார். ஃபைலில் இருந்த முகவரியைப் பார்த்தேன். ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில் உள்ளபடி, இடித்துப் பல வருடமான தோட்டத்து லயத்து வீட்டு எண். தொலைபேசி எண்ணும் பழையது.

நம் ஆட்கள் பலருடைய நிலை இதுதான். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் பதிவில் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். வார்டில் சேரும்போதே, எடுக்கும் போனின் எண்ணைக் கொடுங்கள். கிளம்பும்போது, "என்ன கிருமி டாக்டர், இன்னும் வர வேண்டிய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா, யாரிடம் கேட்பது?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டிஸ்சார்ஜ் தாளை ஐ.சி.யோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் அந்த வார்டின் நிபுணர் ஃபைலை முழுக்கப் படித்து, ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஜே18.9 ஜே10.0 ஆனது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும், கெடாவில் அதுதானே வாரத்தின் முதல் வேலைநாள், தனியாக வந்து கிடக்கும் லேப் தாள்களை எடுத்து மூடிய ஃபைல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். போன வாரம் நான்கு கிடைத்தன.