காத்துல இருக்குற கார்பனை இழுத்துடலாம், எங்க கொண்டு போய் வைக்கிறது?

கடலூர் பக்கம் வெயிலை பத்தி பேச்சு வந்தாலே இப்பல்லாம் யாராவது ஒருத்தர் "காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுற மிஷின் வந்துடுச்சாமே, அப்புறம் என்ன கவலை"ன்னு கேக்குறாங்க. மிஷின் வந்தது நிஜம்தான். ஆனா அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கவலை ஏன் இன்னும் போகலைங்கறதும் புரிஞ்சுடும்.

1958ல ஹவாய் தீவுல மௌனா லோவா மலையில சார்லஸ் கீலிங் அளக்க ஆரம்பிச்சப்போ பத்து லட்சம் மூலக்கூறு காத்துல சுமார் 315 கார்பன் டை ஆக்சைடு இருந்துச்சு, இப்போ 420ஐ தாண்டிடுச்சு. பூமி சூடாகுறதுக்கு இது தாராளமா போதும், ஆனா பிடிச்சு எடுக்கணும்னு போனா இது ரொம்ப ரொம்ப கம்மி, பத்தாயிரத்துல நாலுதான். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வேணும்னா சுமார் 13 லட்சம் கன மீட்டர் காத்துல இருக்குறதை ஒண்ணு விடாம பிடிக்கணும். அதுக்குத்தான் பெரிய பெரிய ஃபேன் வச்சு காத்தை இழுத்து ஃபில்டர் வழியா விடுறாங்க. அந்த ஃபில்டர்ல அமீன்னு ஒரு ரசாயனம் பூசியிருக்கும், கார்பன் டை ஆக்சைடு அதுல வந்து ஒட்டிக்கும், நைட்ரஜனும் ஆக்சிஜனும் பாட்டுக்கு வெளிய போயிடும். ஃபில்டர் நிறைஞ்சதும் மூடிட்டு 100 டிகிரி கிட்ட சூடு பண்ணா ஒட்டுனது கழண்டு வரும், அதை தனியா பிடிச்சுக்கலாம்.

செலவெல்லாம் அந்த சூட்டுலதான் இருக்கு. ஃபேனுக்கும் சூட்டுக்கும் சேர்த்து ஒரு டன்னுக்கு சுமார் 2000 யூனிட் அளவுக்கு எனர்ஜி போகுது. இந்த மாதிரி அமீன் ஃபில்டர் காத்துல உள்ள ஈரத்தையும் சேர்த்து பிடிக்கும், அந்த தண்ணியையும் சூடாக்கி விரட்டணும், நம்ம கடலூர், புதுச்சேரி கடல் காத்து எவ்ளோ ஈரம்னு சொல்லவே வேணாம். சரி, இப்போ ஒரு கணக்கு போடுங்க. நெய்வேலி பழுப்பு நிலக்கரியில ஒரு யூனிட் கரண்ட் எடுத்தா ஒரு கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும். அந்த கரண்ட்ல இந்த மிஷினை ஓட்டுனா ஒரு டன் பிடிக்கிறதுக்குள்ள ரெண்டு டன்னை மேல விட்டுருப்போம்!

அதனாலதான் காத்துல இருந்து பிடிச்சதை நிலத்துக்கு அடியில இறக்குற முதல் பெரிய ஆலை ஐஸ்லாந்துல வந்துச்சு, அங்க பூமிக்கு அடியில இருந்தே சூடும் கரண்டும் கிடைக்குது. பிடிச்ச கார்பன் டை ஆக்சைடை தண்ணியில கரைச்சு பசால்ட் பாறைக்குள்ள இறக்குறாங்க, பாறையில உள்ள கால்சியம், மெக்னீசியத்தோட சேர்ந்து ரெண்டே வருஷத்துல பெரும்பகுதி கல்லாவே மாறிடுது. திரும்ப வெளிய வராது, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான். நம்ம பக்கம் அடியில இருக்குறது பெரும்பாலும் மணற்பாறை, அந்த மாதிரி பசால்ட் வேணும்னா மகாராஷ்டிரா பக்கம் தக்காணத்துக்குத்தான் போகணும். ஐஸ்லாந்துல 2024ல ஓட ஆரம்பிச்ச மாமத்ங்கற ஆலை முழு அளவுல ஓடுனா வருஷத்துக்கு 36,000 டன் பிடிக்கும்னு கட்டுனாங்க, உலகம் நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எரிச்சு வருஷத்துக்கு விடுறது சுமார் 3,700 கோடி டன், அப்போ அந்த ஆலையோட ஒரு வருஷ உழைப்பு நாம விடுற அரை நிமிஷ புகைக்கு சமம். மிஷின் வேணாம்னு சொல்லல, சிமெண்ட், விமானம் மாதிரி சுலபத்துல நிறுத்த முடியாத புகைக்கு கடைசியில இது தேவைப்படும், ஆனா நெய்வேலி கரி எரியட்டும் மிஷின் பாத்துக்கும்னு விட முடியாது.

அந்த பழுப்பு நிலக்கரியே காத்துல இருந்து இழுத்த கார்பன்தான். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க சதுப்பு காடு இருந்துச்சு, மரம் காத்துல இருந்து கார்பனை எடுத்து வளர்ந்துச்சு, செத்து விழுந்தப்போ சேத்துக்குள்ள ஆக்சிஜன் இல்லாததால முழுசா மக்காம அப்படியே புதைஞ்சு போச்சு. அதே வேலை அதே மாவட்டத்துல பிச்சாவரம் சதுப்புக் காட்டுல இப்பவும் நடந்துக்கிட்டு இருக்குன்னு நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியமா இருக்கும். வெள்ளாறுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல சுரபுன்னை, வெண்கண்டல் எல்லாம் உதிர்க்குற இலையும் சாகுற வேரும் சேத்துல அடங்குது, வெண்கண்டல் மரம் மூச்சு விடவே வேரை சேத்துக்கு மேல குச்சி குச்சியா நீட்டி வச்சிருக்கும், அந்த அளவுக்கு கீழ ஆக்சிஜன் கிடையாது. சதுப்புக் காட்டுல பெரும்பங்கு கார்பன் மரத்துல இல்ல, அந்த சேத்துலதான் இருக்கு.

இது ஏன் முக்கியம்னா, 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடிச்சப்போ பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் எப்படி சாஞ்சு கிடந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பல வருஷமா அந்த மரங்க சேர்த்து வச்ச கார்பன்ல விறகா எரிஞ்சதும் மண்ணுல மக்குனதும் காத்துக்கே திரும்பிடுச்சு. மரம் நடுறது நல்லதுதான், ஆனா மரத்துல இருக்குற கார்பன் மரம் நிக்கிற வரைக்கும்தான். சேத்துக்குள்ள போனது, அதை யாரும் தோண்டாம, காய விடாம இருந்தா ரொம்ப காலத்துக்கு கிடக்கும்.

காய விட்டா என்ன ஆகும்னும் பிச்சாவரத்துலயே பாத்தாச்சு. முன்னாடி ஒரு காலத்துல பகுதி பகுதியா மரத்தை மொத்தமா வெட்டுனாங்க, வெயில் பட்டு தரை உள்வாங்கி பள்ளமாச்சு, ஏத்தத்துல உள்ள வந்த கடல் தண்ணி வத்தத்துல வெளிய போக வழி இல்லாம தேங்கி வத்தி உப்பு ஏறி போச்சு, அப்புறம் அங்க எதுவும் முளைக்கல. 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் எலும்பு வடிவத்துல வாய்க்கால் வெட்டி ஏத்தவத்த தண்ணி போய் வர வழி பண்ணாங்க, உப்பு குறைஞ்சது, கன்னு நட்டாங்க, காடு திரும்பி வந்துச்சு. அதனால கடலோரமா இத்தனை லட்சம் கன்னு நடப்போறோம்னு யார் வந்தாலும் தண்ணி எந்த பக்கமா வந்து எந்த பக்கமா போகும்னு முதல்ல கேக்கணும். வெட்டுன வாய்க்காலும் அப்படியே இருக்காது, சேறு அடைச்சுக்கும், திரும்ப திரும்ப தூர் வாரணும், கன்னு நட காசு ஒதுக்குறவங்க அந்த தூர் வாருற கூலிக்கும் சேர்த்து ஒதுக்கணும்.