எதிர்நாயகன் வேறு, ஆன்டிஹீரோ வேறு

‘ஏஞ்சல்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கதையைத் தமிழில் சொல்லும் காணொளி ஒன்றில், அதன் நாயகன் ஏஞ்சலை, ஆன்டிஹீரோ என்ற பொருளில், ‘எதிர்நாயகன்’ என்றார்கள். சற்று நேரம் கழித்து, அவனுக்குக் குழி பறிக்கும் சட்ட நிறுவனத்து வக்கீல் ஹாலண்ட் மேனர்ஸ் வந்தார். அவரும் ‘எதிர்நாயகன்’தான். இரண்டு பேருமே எதிர்நாயகன் என்றால் யாருக்கு யார் எதிர்? விமர்சனம், கதைச் சுருக்கம், துணைத்தலைப்பு என்று எங்கு பார்த்தாலும் இதே குழப்பம். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் ‘ஹேரோஸ்’ என்றால் வீரன். ‘ஆன்டி’ என்றால் எதிரான, மாறான. ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஆன்டிஹீரோ என்ற சொல் இருந்தது. 1864இல் தஸ்தயெவ்ஸ்கி தம் ‘நிலவறைக் குறிப்புகள்’ நாவலின் முடிவில், ஆன்டிஹீரோவுக்குரிய குணங்களையெல்லாம் வேண்டுமென்றே இதில் சேர்த்திருப்பதாகக் கதைசொல்லியையே சொல்ல வைக்கிறார். கதையின் நடுவில் நிற்பவன், ஆனால் நாயகனுக்கு நாம் எதிர்பார்க்கும் உயர்ந்த குணங்கள் இல்லாதவன். பொருள் இவ்வளவுதான்.

தமிழில் ‘எதிர்’ என்ற முன்னொட்டு பெயரோடு சேரும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். எதிர்வீடு என்றால் வீட்டின் தன்மை இல்லாத வீடு அல்ல. எதிரே இருக்கும் இன்னொரு வீடு. எதிர்க்கட்சியும் எதிரணியும் அப்படியே. ஆக, எதிர்நாயகன் என்றதும் தமிழ்க் காதில் விழுவது நாயகனுக்கு எதிரே நிற்கும் இன்னொரு ஆள். வடமொழி நாடக இலக்கணம் ‘பிரதிநாயகன்’ என்று சொல்வதும் அவனைத்தான். இராமனுக்கு இராவணன் பிரதிநாயகன். எதிர்நாயகன் என்பது அந்தச் சொல்லின் நேர்த் தமிழ். வில்லனுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது, அவனுக்கே விட்டுவிடலாம்.

‘ஆன்டிபொயட்ரியை எதிர்கவிதை என்று எழுதவில்லையா, அதுபோல இதுவும் இருக்கட்டுமே’ என்று சிலர் வாதிடுகிறார்கள். எதிர்கவிதையில் குழப்பம் வராது. கவிதைக்கு எதிரே கத்தியோடு நிற்கும் இன்னொரு கவிதை கிடையாது. கதையில் அந்த இடம் காலியாக இல்லை, வில்லன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறான்.

இந்த வேறுபாடு ஏஞ்சலிடம் தெரிவதுபோல் வேறு யாரிடமும் தெரியாது. அயர்லாந்தின் கால்வே ஊரில் லியம் என்று பிறந்து, 1753இல் டார்லா என்ற ரத்தம் குடிப்பவள் கடித்து, ஆன்மாவை இழந்து, தானும் ரத்தம் குடிப்பவனாகி, ஏஞ்சலஸ் என்ற பெயரில் ஐரோப்பாவை நடுங்க வைத்தவன். (இவர்களை ‘ரத்தக்காட்டேரி’ என்பதும் எனக்கு உறுத்தல்தான். காட்டேரி பல ஊர்களில் படையல் போட்டுக் கும்பிடும் தெய்வம்.) 1898இல் ருமேனியாவில் ரோமா இனப் பெண் ஒருத்தியைக் கொன்றான். அவள் கூட்டத்தார் அவனுக்கு ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். செய்ததையெல்லாம் நினைத்து நினைத்து வேகட்டும் என்பதுதான் சாபம்.

1998 ஜனவரியில், ஏஞ்சல் முதலில் தோன்றிய ‘பஃபி’ தொடரின் இரண்டாம் பருவத்தில், அந்த ஆன்மா போய்விடுகிறது. அப்போது வருபவன் ஏஞ்சலஸ். கொன்று, கொன்றதை ரசிக்கிறான். அவன் எதிர்நாயகன், சந்தேகமே இல்லை.

2000 டிசம்பரில், ‘ஏஞ்சல்’ தொடரின் இரண்டாம் பருவத்தில் வருபவன் வேறு, ஆன்மா திரும்பி வந்த ஏஞ்சல். லாஸ் ஏஞ்சலிஸில் ஹாலண்டின் வீட்டு ஒயின் நிலவறை. டார்லாவும் அவளைப் போலவே ரத்தம் குடிக்கும் டுருசில்லாவும் உள்ளே புகுந்துவிட்டார்கள். ஏஞ்சல் வந்து நிற்கிறான். காப்பாற்று, ஆட்கள் சாகப் போகிறார்கள் என்று ஹாலண்ட் கெஞ்சுகிறார். அது தன் மனதைத் தொடவில்லை என்கிறான் ஏஞ்சல். பிறகு இரட்டைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். தப்பு என்று சொன்ன தன் கூட்டாளிகள் கார்டிலியா, வெஸ்லி, கன் மூவரையும் அன்றே வேலையை விட்டு அனுப்புகிறான்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த வக்கீல்கள் கெட்டவர்கள்தான், ஆனாலும் மனிதர்கள். அதைவிட, கதவைப் பூட்டியபோது அவனுக்கு ஆன்மா இருந்தது. ஏஞ்சலஸ் மேல் பழி போட வழியில்லை. தெரிந்தே செய்தான், அப்படியும் நாம் அவன் பக்கமே நிற்கிறோம். இவனுக்கும் ஏஞ்சலஸுக்கும் ஒரே பெயர் கொடுத்தால் தொடரின் உயிரே போய்விடுகிறது.

சரி, மாற்று என்ன? ‘எதிர்மறை நாயகன்’ உதவாது. எதிர்மறைக் கதாபாத்திரம் என்றாலே சீரியல் வில்லியைத்தான் நினைக்கிறோம். ‘குறைநாயகன்’ பரவாயில்லை, ஆனால் அது கோவலனுக்குத்தான் பொருந்தும். மனைவியைப் பிரிந்தான், பொருளைத் தொலைத்தான், அவை குறைகள். ஏஞ்சல் செய்தது குறை அல்ல, கறை. அப்படியே ‘ஆன்டி ஹீரோ’ என்று எழுதினால், தமிழ் எழுத்தில் அது பக்கத்து வீட்டு ஆன்ட்டியைத்தான் நினைவூட்டும்.

என் தேர்வு ‘கறைநாயகன்’. கறை என்றால் வெறும் இழிவு என்று நினைக்க வேண்டாம். ‘கறைமிடறு அணியலும் அணிந்தன்று’ என்கிறது புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து. மிடறு என்றால் கழுத்து; அதில் பட்ட நஞ்சின் கறை சிவனுக்கு அணியாகவும் ஆனது. கறையும் நாயகத் தன்மையும் ஒரே உடலில் இருக்கலாம் என்பது நம் மொழிக்குப் பழகிய எண்ணம். ‘நாயகன்’ வடசொல்லாயிற்றே, ‘கறைத்தலைவன்’ என்று வைக்கலாமே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். தண்டியலங்காரம் காப்பிய நாயகனைத் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ என்று சொன்ன காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். இன்றைக்குத் தலைவன் என்றால் அரசியல்வாதி. கறைத்தலைவன் என்று எழுதினால் ஊழல் வழக்குச் செய்தி என்றே படிப்பார்கள். தூய்மை எனக்கும் வேண்டும், ஆனால் முதலில் பொருள் தெளிவாக வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் ‘ஆன்டி’க்கு நேரே ‘எதிர்’ என்று பார்த்ததும் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பாத்திரம் கதையில் எங்கே நிற்கிறது என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. பெண்பாலில் இது இன்னும் மோசம். ரத்தம் குடிப்பவர்களை வேட்டையாடும் பெண் ஃபெய்த். ‘பஃபி’ மூன்றாம் பருவத்தில் வில்லனான மேயரோடு சேர்ந்துகொண்ட அவளை எதிர்நாயகி என்றால் ஒப்புக்கொள்வேன். 2000இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல் நிலையத்தில் தானாகப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஃபெய்த்தையும் அதே சொல்லால் அழைப்பவர், அந்தக் காட்சியைப் பார்க்காமலே எழுதுகிறார். அவள் கறைநாயகி.